ஜாடியில் கடைசி நெத்திலி

எங்கள் தீவின் கொரிச்செல்லாத் துறையில் யார் வீட்டில் என்ன பொரிகிறது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. என் வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுப் பெரியவர் தோன்னா அமாலியாவின் முற்றம். கீழே எண்ணெய் காய்ந்தால் மேலே அந்தம்மாவுக்கு மூக்கில் வேர்த்துவிடும். பொரிக்கிற வாசம் வந்தால் அந்த வீட்டில் ஏதோ நல்லது நடந்திருக்கிறது: கப்பலில் போனவன் வந்திருக்கிறான், பிள்ளை பரீட்சையில் தேறியிருக்கிறது, யாருக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. செத்த வீட்டில் அடுப்பே எரியாது. அக்கம்பக்கத்தில் ஆக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கும் கோழிச் சூப்தான். அதற்கு ஆறுதல் சாப்பாடு என்று பெயர்.

அதனால்தான் என் எதிர்வீட்டுத் தித்தீனாவின் ஜன்னலிலிருந்து அன்றைக்கு எண்ணெய் வாசம் வந்தபோது, வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்கள். பியாஜோவைத் தேடுவதைக் கடலோரக் காவல் கைவிட்டதற்கு மறுநாள் அது.

பியாஜோ அவளுடைய ஒரே மகன். தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் கொண்டாட்டம் முடிந்த வாரம், கணவாய் பிடிக்கத் தனியாகப் போனான். வழக்கமாக அப்பா அனியெல்லோவும் கூடப் போவார். அன்றைக்கு அவருக்கு முழங்கால் மடக்க முடியவில்லை. நீ படுப்பா என்று சொல்லிவிட்டு இவன் மட்டும் போனான். இரண்டு நாள் கழித்து, பக்கத்துத் தீவான இஸ்கியாவுக்கு அந்தப் பக்கம் படகை மட்டும் கண்டுபிடித்து இழுத்து வந்தார்கள். எஞ்சின் அணைத்திருந்தது. வலை பாதி உள்ளே, பாதி தண்ணீரில். அவன் இல்லை.

படகில் ஒரு துணி இருந்தது. தித்தீனா அவனுக்குச் சாண்ட்விச் கட்டிக் கொடுத்த துணி. இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் மொசரெல்லா பாலாடைக்கட்டி, அதன்மேல் ஒரு உப்பு நெத்திலி. எங்கள் படகுக்காரர்கள் எல்லாருக்கும் அதுதான் சாப்பாடு. சாண்ட்விச் இல்லை, துணி மட்டும் நான்காக மடித்துப் பலகைக்கு அடியில் செருகியிருந்தது. காவல்காரர் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். தித்தீனா அந்த மடிப்பைப் பிரிக்கவே இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டினாள். சாப்பிட்டு முடித்து, துணியை உதறி, மடித்து வைத்திருக்கிறான். தவறி விழுகிறவன் மடித்து வைத்துவிட்டா விழுவான் என்று கேட்டாள். ஏதோ கப்பல் அவனை ஏற்றிக்கொண்டது. கடல் குணம் மாறியிருக்கும், படகு ஓட்டை என்று பயந்திருப்பான், கப்பலைப் பார்த்துக் கை காட்டியிருப்பான். அது எங்கேயாவது தூரதேசத்துத் துறைமுகத்தில் போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணுவான். இப்படி அவளுக்குள் ஒரு கதை ஓடியது. படகில் ஓட்டை எதுவும் இல்லை என்று அவளுக்குச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

தித்தீனாவும் நானும் கும்மாரே. என் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் அவள். அப்படி நின்றுவிட்டால் அவள் நமக்குக் கும்மாரே, அவள் புருஷன் கும்பாரே. கூடப் பிறந்தவர்களோடு சண்டை போட்டுக்கொள்ளலாம், கும்மாரேயோடு முடியாது. என் சமையலறை ஜன்னலும் அவள் ஜன்னலும் எதிரும் புதிருமாக இருக்கும். நடுவில் ஒரு படிக்கட்டு அகலம்தான். நான் வாயாடி என்று துறை முழுக்கப் பெயர். அவன் போன பிறகான அந்த இரண்டு மாதமும் நான் வாயைத் திறந்ததே குறைவு.

அன்றைக்குக் காலை நடந்தது இதுதான். தோன்னா அமாலியா மேலேயிருந்து ஒரு பானையைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, படி படியாக இறங்கி வந்தார். நல்ல மனுஷி, ஆனால் எதிலும் முதல் ஆளாக நிற்க வேண்டும். குழந்தை பிறந்தால் முதல் தொட்டில் துணி அந்தம்மாவுடையது, யாராவது செத்தால் முதல் பானை அந்தம்மாவுடையது. உடல் கிடைக்கவில்லையே, பூசை வைக்கவில்லையே, கொஞ்சம் பொறுப்போம் என்று தோன்றவில்லை. தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று ரேடியோவில் கேட்ட கையோடு கோழியை அறுத்துவிட்டார்.

நான் அப்போது தித்தீனாவோடுதான் உட்கார்ந்திருந்தேன். பானையைப் பார்த்ததும் தித்தீனா எழுந்து போய் மூடியைத் திறந்து பார்த்தாள். கோழிச் சூப், அதில் பொடிப் பாஸ்தா.

"இது யாருக்கு?"

"உங்க ரெண்டு பேருக்குந்தாம்மா. ஒடம்புல கொஞ்சம் தெம்பு வேணும்ல."

"எங்க வீட்டுல யாரு செத்துப்போனது, தோன்னா அமாலியா?"

அந்தம்மாவுக்குப் பானையைக் கீழே வைக்கவும் முடியவில்லை, திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் முடியவில்லை. தித்தீனாதான் அதைக் கையிலிருந்து வாங்கினாள். வைத்துவிட்டுப் போங்கள், வெறும் பானையாகத் திருப்பித் தரும் பழக்கம் இந்த வீட்டில் இல்லை என்றாள். அந்தம்மா படியேறியதும் சூப்பைத் துறைக்குக் கொண்டுபோய்ப் பூனைகளுக்கு ஊற்றினாள். எங்கள் துறைப் பூனைகள் அன்றைக்குத்தான் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டன. திரும்பி வந்து பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ரொட்டியையும் பியாஜோவுக்காக முதல் நாளே வடியவிட்டிருந்த மொசரெல்லாவையும் எடுத்தாள்.

அவள் செய்தது கரோட்சா. மொசரெல்லா வண்டியேறிப் போகிறது என்பார்கள் எங்கள் பக்கம், ரொட்டிதான் வண்டி. படகுக்குக் கட்டிக் கொடுக்கிற அதே சாண்ட்விச்தான், ஆனால் அதை முட்டையில் முக்கி எண்ணெயில் பொரித்துவிட்டால் பண்டிகை. பியாஜோவுக்கு அது என்றால் உயிர். சின்ன வயதில் சூடாக ஒன்றைக் கடித்து, வாய்க்கும் ரொட்டிக்கும் நடுவே இழுபடுகிற மொசரெல்லா நூலை அறுபடாமல் வாசல்வரை இழுத்துக்கொண்டு ஓடுவான். வளர்ந்த பிறகும் அவன் படகு துறைக்குள் திரும்புவது தெரிந்தால் தித்தீனா எண்ணெய்ச் சட்டியை ஏற்றிவிடுவாள். படகைக் கட்டும்போதே அவனுக்கு வாசம் எட்ட வேண்டும். அவன் கீழேயிருந்து ஒரு விசில் அடிப்பான், அது அவளுக்குக் கணக்கு. விசில் கேட்டதும் முதல் ரொட்டியை எண்ணெயில் விடுவாள்.

எனக்கும் கரோட்சா செய்யத் தெரியும், யாருக்குத்தான் தெரியாது. ஆனால் தித்தீனா செய்கிற மாதிரி வராது. முதல் நாள் படகில் அக்கரையிலிருந்து வருகிற மொசரெல்லாவை அன்றைக்கே தொட மாட்டாள். சல்லடையில் போட்டு, மேலே தட்டை வைத்து, ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரை வடியவிடுவாள். பிறகு நறுக்கித் துணியில் அழுத்தி எடுப்பாள். ஈரம் இருந்தால் எண்ணெய் முகத்தில் அடிக்கும். நேற்றைய ரொட்டி, ஓரம் சீவினது. நடுவில் மொசரெல்லா, அதன்மேல் உப்பு கழுவி முள் எடுத்த ஒரே ஒரு நெத்திலி. மேலே இன்னொரு ரொட்டியை வைத்து ஓரங்களை உள்ளங்கையால் அழுத்துவாள். நான்கு ஓரத்தையும் மாவில் புரட்டி, தண்ணீரில் ஒரு நொடி தொட்டு எடுப்பாள், அதுதான் பூட்டு. அப்புறம் அடித்த முட்டையில் போட்டு, ரொட்டி முட்டையைக் குடிக்கிறவரை விட்டுவிடுவாள். இதிலெல்லாம் அவசரப்பட மாட்டாள். பொன்னிறமாக எடுத்துப் பழுப்புக் காகிதத்தில் வைத்தால், காகிதம் எண்ணெயில் கண்ணாடியாகிவிடும்.

அன்றைக்கு ஜன்னல் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டுப் பொரித்தாள். எதற்காகத் திறந்தாள் என்று எனக்கும் தெரியும், மேலே நின்ற அமாலியாவுக்கும் தெரியும். அமாலியாவின் பானையில் சூடாக ஆறு கரோட்சாவை அடுக்கி என் கையில் கொடுத்தாள். கொண்டுபோய்க் கொடு, நன்றி சொன்னதாகச் சொல்லு என்றாள். படியேறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அமாலியா மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் அதைத் தின்னவில்லை. பேரப்பிள்ளைகள் தின்றார்கள்.

அதற்கப்புறம் சாயங்காலம் தவறாமல் வாசம் வந்தது.

அனியெல்லோ கும்பாரே காலையில் மகனுடைய படகை எடுத்துக்கொண்டு போவார். வலை எடுத்துக்கொள்ள மாட்டார். முழங்கால் வலியோடு சுக்கானைப் பிடித்துக்கொண்டு, இஸ்கியாவையும் கடந்து போய்ப் பாறை இடுக்குகளையெல்லாம் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவார். எதைத் தேடுகிறார் என்று அவர் சொன்னதில்லை. உயிரோடிருக்கிறவனைப் பாறை இடுக்கில் யாரும் தேட மாட்டார்கள், இது தித்தீனாவுக்கும் புரியாமலா இருக்கும். அவள் கேட்கவில்லை. அவர் படகு துறைக்குள் திரும்பும்போது சட்டியை ஏற்றுவாள். படியோரக் கடல் தண்ணீரில் கை கழுவிவிட்டு மேலே வந்து உட்காருவார். இரண்டு கரோட்சா தின்பார். நன்றாக இருக்கிறது என்பார். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

மிச்சத்தை நான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எட்டு பத்து பொரிப்பாளே, இரண்டு பேர் எத்தனை தின்ன முடியும்? துறையில் எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள், வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டுதான் தின்றார்கள். நானும் தின்றேன். அதைத் தின்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். தின்றால் பியாஜோ உயிரோடிருக்கிறான் என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுகிறது. தின்னாவிட்டால் அவனை நானே தண்ணீரில் அமுக்கின மாதிரி இருக்கிறது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அது அத்தனை ருசியாக இருந்தது. மொறுமொறுவென்று மேலே, உள்ளே மொசரெல்லா உருகி வழிய, நெத்திலியின் உப்பு நாக்கில் பட்டதும் இன்னொன்று கேட்கும். அழுதுகொண்டே இன்னொன்றை எடுத்திருக்கிறேன்.

என் புருஷன் சரக்குக் கப்பலில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணுவார். எந்தக் கப்பலாவது ஆளைத் தூக்கியதா என்று விசாரிக்கச் சொல் என்று தித்தீனா என்னைப் பிடுங்கி எடுத்தாள். கேட்டேன். கடலில் கிடந்தவனைத் தூக்கினால் ஒரு மணி நேரத்தில் ரேடியோவில் சொல்லிவிடுவார்கள், அப்படி ஒரு கப்பல் இருந்தால் நாங்களெல்லாம் அன்றைக்கே கேட்டிருப்போம், நீ அந்தப் பெண்ணுக்கு ஆசை காட்டாதே என்றார். நான் ஆசை காட்டவில்லை. அவள் கேட்டபோது, விசாரித்துக்கொண்டிருக்கிறாராம் என்று மட்டும் சொன்னேன். ஜன்னல் வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, பெரிய கடல், நேரமாகத்தான் செய்யும் என்றாள்.

தவக்காலத்தில் இத்தனை பொரியலா என்று அமாலியா முணுமுணுத்தார். பெரிய வெள்ளிக்கிழமை அன்றைக்கும் வாசம் வந்ததும் முணுமுணுப்பு நின்று சண்டையாகிவிட்டது. அன்றைக்கு விடியற்காலையில் எங்கள் தீவுப் பையன்கள் சுரூபத் தேர்களைத் தோளில் சுமந்து ஊர்வலம் போவார்கள். பியாஜோ சுமக்கிற தேரில் அவனுடைய இடத்தைக் காலியாக விட்டு மீதிப் பேர் சுமந்து வந்தார்கள். பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பக்கத்தில் இருந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். ஊர்வலம் கடந்துபோனபோது தித்தீனா அழவில்லை. அடுத்த வருஷம் அவனே வந்து பிடிச்சுக்குவான் என்று சத்தமாகச் சொன்னாள். சாயங்காலம் எண்ணெய் காய்ந்தது.

அமாலியா இறங்கி வந்துவிட்டார். ஆண்டவர் சிலுவையில் தொங்குகிற நாளில் கூடவா என்று கேட்டார். பிறகு அந்தம்மாவுக்கே தாங்கவில்லை, உட்கார்ந்துகொண்டு தித்தீனாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவனுக்கு ஒரு பூசை வைப்போம்மா. அவன் ஆத்துமா அலைஞ்சுட்டுக் கெடக்கும்."

தித்தீனா கையை உருவிக்கொண்டாள். அடுப்பிலிருந்து சூடாக ஒன்றை எடுத்துப் பிட்டு, உள்ளே இருந்த நெத்திலியை அந்தம்மாவுக்குக் காட்டினாள்.

"இது என்ன? மீனா இல்லையா? கடல் எடுத்துக்கிட்ட வீட்டுல மீன் ஏறாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? என் வீட்டுல தெனம் ஏறுது. நான் திங்கறேன், அவரு திங்கறாரு. எம்பையன் கடல்ல இருந்தா எனக்கு இது தொண்டையில எறங்குமா?"

அது எங்கள் துறையின் வழக்கம். கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டில் அந்தக் கடலின் மீனை அதன்பிறகு யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தானாகவே முடியாமல் போய்விடுகிறது. கீழ்வளைவில் இருக்கிற ஒரு வீட்டில், தாத்தா போனதிலிருந்து மூன்று தலைமுறையாக இறைச்சிதான். அமாலியா எழுந்து போய்விட்டார். எனக்குப் பதில் தெரியும். நான்தான் தினமும் அந்த ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேனே.

அந்தப் பெரிய ஜாடி அடுப்புக்கு மேல் பலகையில் இருந்தது. போன கோடையில் பியாஜோ பிடித்த நெத்திலி. அவனே தலையைக் கிள்ளி, குடல் எடுத்து, ஒரு அடுக்கு மீன் ஒரு அடுக்கு உப்பு என்று வரிசையாக அடுக்கி, மேலே கூழாங்கல் வைத்து அழுத்தி வைத்தது. மூடியில் அவன் கைப்பட ஒட்டிய காகிதத்தில் "அம்மாவுக்கு, அமாலியாவுக்குக் கிடையாது" என்று எழுதியிருந்தது. அவன் விளையாட்டு அப்படி. அது இந்தக் கடல் அவனைத் தொடுவதற்கு முந்தைய மீன். அதற்கு எந்தப் பாவமும் தெரியாது. அதைத் தின்றால் எதுவும் ஆகாது என்பது தித்தீனாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு நாளைக்கு இத்தனை என்று எடுத்து எடுத்து, ஜாடியின் அடி தெரிய ஆரம்பித்தது. கரோட்சாக்கள் சின்னதாயின. ஒரு நெத்திலியை இரண்டாகக் கிழித்து வைத்தாள். எனக்குக் கொடுத்தனுப்புவதில் நெத்திலி இல்லாமல் போயிற்று, நான் கேட்கவில்லை.

ஈஸ்டர் முடிந்து ஒரு சாயங்காலம், ஜாடியில் உப்புத் தண்ணீருக்குள் ஒன்றே ஒன்று கிடந்தது. கரண்டியால் அதை எடுத்தாள், முள் எடுத்தாள், இரண்டாகக் கிழித்து இரண்டு ரொட்டியில் வைத்தாள். இரண்டையும் அனியெல்லோவின் தட்டில் போட்டாள். அவர் பலகையில் இருந்த காலி ஜாடியைப் பார்த்தார். ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றை அவள் பக்கம் தள்ளினார். அவள் தின்றாள்.

மறுநாள் நான் என் ஜன்னலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சாயங்கால வெயிலில் அனியெல்லோவின் படகு உள்ளே வந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரம். வலை நனைந்து குவிந்து கிடந்தது. கார்னிவலுக்கப்புறம் அவர் வலை போட்டது அன்றைக்குத்தான். படியேறி வரும்போது கையில் ஒரு மரப்பெட்டி, அதில் வெள்ளி வெள்ளியாக நெத்திலி. இந்த வருஷத்தின் முதல் நெத்திலி. மற்ற வருஷங்களில் முதல் நெத்திலி வந்தால் துறையே கூடிவிடும். அன்றைக்கு ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கும்பாரே, அதை உள்ளே கொண்டு போகாதீங்க என்று. ஆனால் அவர் முகத்தில் எத்தனையோ நாளுக்கப்புறம் ஏதோ ஒன்று இருந்தது. சாமான் தீர்ந்துபோனதைப் பார்த்து, கேட்காமலே வாங்கி வருகிற புருஷனுடைய முகம். ஐம்பது வருஷம் கடலில் கிடந்த மனுஷன். இந்த வழக்கம் அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அவருக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சட்டி நாளைக்கும் காய வேண்டும் என்பதுதான், அதைத் தவிர எதையும் அவர் யோசிக்கவில்லை. அவள் பொரிப்பதை நிறுத்திவிட்டால் அவரும் தேடுவதை நிறுத்த வேண்டியிருக்கும்.

பெட்டியை மேசைமேல் வைத்தார். படகைச் சரியாகக் கட்டவில்லை, கட்டிவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனார். நான் படியைத் தாண்டி தித்தீனா வீட்டுக்குள் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை, போகாமல் இருக்க முடியவில்லை.

அவள் எல்லாம் தயாராக வைத்திருந்தாள். வடித்த மொசரெல்லா, ஓரம் சீவின ரொட்டி, தட்டில் மாவு, கிண்ணத்தில் முட்டை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறியிருந்தது. மீனைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு நெத்திலியைக் கையில் எடுத்தாள். எங்கள் பெண்கள் நெத்திலிக்குக் கத்தி எடுப்பதில்லை. கட்டைவிரலால் தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் சேர்ந்து வந்துவிடும். அப்படித்தான் கிள்ளினாள். குடல் அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. கறுப்பாக, ஒரு நூலளவு.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நுன்சியா, இது என்னத்த தின்னும்?"

பொடி மீன், அது என்னத்தைத் தின்னும், தண்ணீரில் கிடக்கிற தூசியைத்தான் தின்னும் என்று சொன்னேன். அதுதான் உண்மையும்கூட. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அந்தத் தண்ணீரில் வேறு யார் கிடக்கிறான் என்று எனக்கே உறைத்துவிட்டது.

"தூசிதான்," என்றாள் தித்தீனா.

விரலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். துடைத்துக்கொள்ளவும் இல்லை, உதறவும் இல்லை. சட்டியில் எண்ணெய் புகைய ஆரம்பித்தது. நான் எழுந்து அடுப்பைக் குறைக்கப் போனேன்.

"கொறைக்காத. அணைச்சிரு."

அணைத்தேன். அடுப்பின் சத்தம் நின்றதும் வீடு அவ்வளவு அமைதியாகிவிட்டது. கீழே படகு பாறையில் மோதுகிற சத்தம் கேட்டது. தித்தீனா எழுந்து குழாயடியில் கையைக் கழுவினாள். சோப்பு போட்டுக் கழுவினாள், மறுபடி சோப்பு போட்டுக் கழுவினாள். துண்டில் துடைத்துக்கொண்டு போய், அந்த இரண்டு மாதமும் திறந்தே கிடந்த ஜன்னல் கதவுகளைச் சாத்தினாள். உள்ளே இருட்டிவிட்டது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

"கும்மாரே, மேல போயி தோன்னா அமாலியாகிட்ட சொல்லு. எனக்குச் சூப்பு வேணும்னு சொல்லு."

சொல்லிவிட்டு அவள் மடித்த துணியை அலமாரியிலிருந்து எடுத்தாள். இரண்டு மாதமாக யாரையும் தொடவிடாத துணி. அதன் மடிப்பைப் பிரித்து, உதறி, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் அழுத சத்தத்தை நான் எழுத மாட்டேன். நானும் கூட அழுதேன், ஆனால் என் அழுகை அழுகையே இல்லை.

மேலே போனேன். அமாலியா கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் சாத்தின சத்தம் அந்தம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. நான் தித்தீனா சொன்னதைச் சொன்னேன். நான் அப்போதே சொன்னேனே என்று அந்த வாய் சொல்லும், சொன்னால் அந்தம்மாவின் முடியைப் பிடித்துவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் அவர் பழைய பானையை இறக்கினார். கோழி இல்லை நுன்சியா, இன்றைக்கு என்னிடம் கோழி இல்லை, வெறும் காய் போட்டு வைக்கட்டுமா என்று என்னைக் கேட்டார். பிறகு ஏப்ரன் நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேரட்டை நறுக்கத் தொடங்கினார்.

அனியெல்லோவுக்குச் சொல்ல வேண்டுமே. துறைக்கு இறங்கினேன். அவர் படகைக் கட்டி முடித்துவிட்டு, கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் துடைத்துத் தலை வாரியிருந்தார். மேலே தித்தீனாவின் ஜன்னல் இருந்த பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தி மயங்கிவிட்டது, ஜன்னல் சாத்தியிருப்பது அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

"இன்னும் வாசம் வரலையே, கும்மாரே. எண்ணெ காயலையா?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுப்பை அணைத்துவிட்டாள் என்றேன். அமாலியா சூப்பு வைத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அவள்தான் கேட்டாள் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டது போலத்தான் இருந்தது, ஆனால் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். விரல் இடுக்கில் நெத்திலிச் செதில் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"நாந்தான் கொண்டு போனேன்," என்றார். "ஜாடி காலியாயிருச்சேன்னு."

நான் அவர் தோளைத் தொட்டேன். அவர் எழுந்து, எல்லா நாளும் செய்கிறது போல, படியோரத்தில் குனிந்து கையைக் கடல் தண்ணீருக்கு நீட்டினார். ஐம்பது வருஷமாகக் கை கழுவுகிற தண்ணீர். நீட்டின கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். பிறகு நனைக்காமல் நிமிர்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குழாயடியைத் தேடி மேலே நடந்தார்.